14-க்கு 11 ஹாலில் 5.1.2: ஸ்பீக்கர் இடம், சப், ஆடிஸி காலிபரேஷன்

#1 · ஆறரை இன்ச்

ஹால் நீளம் 14 அடி, அகலம் 11, உயரம் 10. கான்கிரீட் கூரை, செங்கல் சுவர், தரை முழுக்க விட்ரிஃபைடு டைல்ஸ். டிவி 11 அடிச் சுவரில். எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. இடப்பக்கம் பால்கனிக்குப் போகும் கண்ணாடி ஸ்லைடிங் கதவு, வலப்பக்கம் வெறும் சுவர்.

5.1.2 என்றால் காது மட்டத்தில் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப், தலைக்கு மேல் இரண்டு. முன்பக்கம் 6.5 இன்ச் வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) உள்ள புக்‌ஷெல்ஃப் ஜோடி. அதே சீரிஸ் சென்டர், டிவி யூனிட்டின் நடுத்தட்டில் இருக்கிறது. சரவுண்டு ஒரு ஜோடி. 12 இன்ச் சப் (பேஸுக்கு மட்டுமான சப்வூஃபர்), முன்பக்க இடது மூலையில். அட்மாஸுக்கு (தலைக்கு மேலிருந்து வரும் ஒலி) ஒரு ஜோடி வாங்கியாச்சு, இன்னும் மாட்டவில்லை. ரிசீவர் டெனான், அதில் ஆடிஸி எக்ஸ்டி32 (மைக்கால் அறையை அளந்து ஒலியைத் திருத்தும் மென்பொருள்).

ஆடிஸி ஓட்டியதும் வந்த கணக்கு: முன் ஸ்பீக்கர் லார்ஜ் (முழு பேஸும் அதற்கே). சென்டர் ஸ்மால் 60 (60 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்புக்குப் போகும்). சரவுண்டு ஸ்மால் 90. சப் ட்ரிம் (ரிசீவர் தானாகக் கூட்டிக் குறைக்கும் சத்த அளவு) –12 டெசிபல். சப் தூரம் 18 அடி. டேப் வைத்து அளந்தால் 13 அடிதான்.

சில பேஸ் சத்தம் மட்டும் கும்மென்று தங்கிவிடுகிறது, சில சத்தம் வரவே இல்லை. வசனம் புரிய வால்யூமை ஏற்றினால் சண்டைக் காட்சியில் காது வலிக்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

#2 · சுருதிப்பெட்டி

முதலில் அந்த –12. ட்ரிம் போகக்கூடிய கடைசி எல்லை அது. ரிசீவர் இன்னும் குறைக்கப் பார்த்து முடியாமல் நின்றிருக்கிறது, அதனால் சப் உண்மையில் எத்தனை டெசிபல் அதிகமாக ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. சப்புக்குப் பின்னால் உள்ள கெயின் நாபைக் குறைக்காமல் மறுபடி ஓட்டிப் பயனில்லை.

18 அடியைத் தொடாதீர்கள், அது பிழை இல்லை. சப்புக்குள் இருக்கும் ஃபில்டரும் டிஎஸ்பியும் சத்தத்தைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்தும். ஒரு மில்லிசெகண்ட் என்பது ஒலிக்கு 34 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு அடி. ரிசீவர் டேப் வைத்து அளப்பதில்லை, தாமதத்தை அளந்து அடியாகக் காட்டுகிறது. 13 என்று திருத்திப் போட்டால் சப்பும் முன் ஸ்பீக்கரும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

மற்றதெல்லாம் இடம் சம்பந்தப்பட்டது. சோபா சுவரில் ஒட்டியிருக்கும்வரை எந்த மென்பொருளாலும் அந்த ஹாலைச் சரிசெய்ய முடியாது.

#3 · கீழ்வாசல்

சுருதிப்பெட்டி சொன்னதுதான். மைக்கை எடுப்பதற்கு முன்னால் சாமானை நகர்த்தி முடிக்கணும். உங்க ஹாலுக்கே கணக்குப் போட்டுத் தர்றேன்.

சோபாவை முன்னால இழுங்க. உட்கார்ந்தா காதுக்கும் பின்சுவருக்கும் நடுவுல இரண்டரை அடி வரணும். சுவரை ஒட்டி உட்கார்ந்தா எல்லா பேஸும் அங்கே குவியும், பின்சுவர்ல பட்டுத் திரும்புற சத்தம் காதுக்குப் பக்கத்துலயே வந்து வசனத்தைக் குழப்பும். அதுக்காக ஹால் நடுவுல, 7 அடியில போடவும் கூடாது. நீளவாக்குல முதல் மோட் (சுவருக்குச் சுவர் எதிரொலிச்சு நிக்கற பேஸ் அலை) அங்கே பூஜ்யம், பேஸ் காணாமப் போயிடும்.

முன் ஸ்பீக்கரோட முகம் டிவி சுவர்ல இருந்து ஒன்றரை அடி. அப்போ காதுக்கு நேர்தூரம் 10 அடி வருது. டால்பி சொல்ற கோணம் நடுக்கோட்டுல இருந்து 22-லிருந்து 30 டிகிரி. 10 அடிக்கு 30 டிகிரி வேணும்னா ரெண்டு ஸ்பீக்கருக்கும் இடைவெளி பதினொன்றரை அடி ஆகுது, உங்க சுவரே 11 அடிதான். 22 டிகிரிக்கு 8 அடி போதும். அதனால 8 அடி இடைவெளி, ரெண்டு பக்கமும் சுவருக்கு ஒன்றரை அடி. ட்வீட்டர் (உச்ச ஸ்தாயி தர்ற சின்னக் கூம்பு) காது மட்டத்துல, தரையில இருந்து 36 முதல் 40 இன்ச். ஸ்பீக்கரை உள்பக்கமாத் திருப்பி, நடு சீட்ல உட்கார்ந்தா உள்பக்கப் பலகை லேசாத் தெரியற அளவுல நிறுத்துங்க. கண்ணாடிக் கதவுப் பக்கம் அடிக்கிற சத்தம் இதுல குறையும்.

சென்டர்தான் உங்க வசனப் பிரச்சினையில பாதி. நடுத்தட்டுல உள்ளே தள்ளி வச்சா தட்டோட மேல்பலகை, கீழ்பலகை ரெண்டும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், குரல் பெட்டிக்குள்ள இருந்து பேசற மாதிரி வரும். தட்டு விளிம்பைத் தாண்டி அரை இன்ச் வெளியே இழுங்க. முன்பக்கத்துக்கு அடியில ரப்பர் துண்டு வச்சு ட்வீட்டர் உங்க காதைப் பார்க்கற மாதிரி சாய்ங்க. பின்னால லேசர் பாயின்டரை ஸ்பீக்கர் தலையில வச்சு அடிச்சுப் பார்த்தா எங்கே குறி வைக்குதுன்னு தெரிஞ்சுடும்.

சரவுண்டு ரெண்டும் பக்கச் சுவர்ல, காதுக்கு 1 முதல் 2 அடி பின்னால. சுவர் அஞ்சரை அடி தூரத்துல இருக்கறதால அது 100-லிருந்து 110 டிகிரியா வரும். அட்மாஸ் போடறதால சரவுண்டை மேலே ஏத்தாதீங்க. பக்கத்துல உட்கார்ந்தவர் தலை மறைக்காத அளவுக்கு, காது மட்டத்துல இருந்து ஒரு அடி உயரம் போதும். இதையும் மேலே மாட்டிட்டா கூரை ஸ்பீக்கருக்கும் இதுக்கும் வித்தியாசமே இருக்காது.

#4 · ஆறரை இன்ச்

இடப்பக்க சரவுண்டு வரும் இடத்தில் ஸ்லைடிங் கதவின் ஃப்ரேம் இருக்கிறது. ஸ்டாண்டில் வைக்கலாமா? அட்மாஸ் ஜோடியைக் கான்கிரீட் கூரையில் எப்படி மாட்டுவது? ஹால் நடுவில் ஃபேன் இருக்கிறது.

#5 · கீழ்வாசல்

ஸ்டாண்டு தாராளமா வைக்கலாம். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே உயரம், ஒரே கோணம் இருக்கணும். ஒரு பக்கம் 4 அடி, மறுபக்கம் 6 அடி தூரம்னு வந்தா ரிசீவர் தாமதத்தைச் சரிபண்ணிடும். கோணத்தைச் சரிபண்ண அதால முடியாது.

கூரை ஜோடி 5.1.2-ல ‘டாப் மிடில்’. காதுல இருந்து மேல்நோக்கி 65 முதல் 100 டிகிரிக்குள்ள வரணும். காது 3 அடி, கூரை 10 அடி, நடுவுல 7 அடி. தலைக்கு ஒரு அடி முன்னால மாட்டினா 80 டிகிரி கிட்ட வரும். அகலம் முன் ஸ்பீக்கரோட நேர்கோட்டுல, 8 அடி இடைவெளி. ஃபேன் நடுவுல இருந்தாலும் இறக்கை வீச்சுக்கு வெளியேதான் வரும்.

#6 · மின்கம்பி

கூரையில் துளை போடும் முன் ஒன்று: ஃபேன் ஹூக்கிலிருந்து சுவிட்ச்போர்டு பக்கம் ஸ்லாபுக்குள்ளேயே கரண்ட் பைப் போகும். அந்தக் கோட்டில் ட்ரில் வைக்கவே கூடாது. பைப் போன வழி தெரியாவிட்டால் கேபிள் டிடெக்டரால் தேடிப் பார்த்துவிட்டு வையுங்கள். சாதாரண ட்ரில் கான்கிரீட்டில் ஏறாது, ரோட்டரி ஹேமர் வேண்டும். ஸ்பீக்கர் 3 கிலோவுக்குள் என்றால் 6 மில்லிமீட்டர் ஆங்கர் ஃபாஸ்ட்னர் நான்கு போதும். பிளாஸ்டிக் ராவல் பிளக்கைக் கூரையில் நம்ப வேண்டாம். தலைக்கு மேல் தொங்கும் சாமான் என்பதால் கூடவே ஒரு ஸ்டீல் கயிறும் தனி ஹூக்கில் கட்டுங்கள்.

கூரையை நோக்கி அடித்துத் திருப்பும் வகை ஸ்பீக்கர் வாங்கியிருந்தால் இந்த ஹாலில் யோசிக்கணும். தட்டையான கான்கிரீட் கூரை அதற்கு நல்லது, ஆனால் சத்தம் போகும் பாதையில் ஃபேன் சுற்றினால் எஃபெக்ட் போய்விடும்.

ஒயர் பற்றி யாரும் பேசவில்லை. என்ன போட்டிருக்கிறீர்கள்?

#7 · ஆறரை இன்ச்

ஸ்பீக்கர் நேரடியாகச் சுவரில் மாட்டும் வகைதான், ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. எலக்ட்ரீஷியன் 1 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டார். சரவுண்டுக்கு 12 மீட்டர் ஓட்டம். வீட்டு வயரிங் போகும் அதே பைப்பில்தான் போகிறது. ஸ்பீக்கர் எல்லாம் 6 ஓம்.

#8 · மின்கம்பி

இரண்டும் மாற்ற வேண்டியவை.

1 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.019 ஓம். போக வர 24 மீட்டர், ஆக 0.46 ஓம். ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்கு மேல் ஒயர் தின்னக் கூடாது. 6 ஓமுக்கு அது 0.3. 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.19 ஓம், நிம்மதி. முன் ஸ்பீக்கருக்கு 4, 5 மீட்டர்தான் இருக்கும், அங்கே 1.5 போதும்.

‘ஸ்பீக்கர் கேபிள்’ என்று மலிவாக விற்பதில் நிறைய அலுமினியக் கம்பிக்குச் செம்பு பூசியது. கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதற்கு எதிர்ப்பு செம்பைவிட ஒன்றரை மடங்கு, ஸ்க்ரூவில் இறுக்கினால் இழை உடையும். ஒலிக்கென்றே தனி விலையில் விற்கும் கேபிளும் தேவையில்லை. மல்டி-ஸ்ட்ராண்ட் சுத்தச் செம்பு, இரண்டு நிறம், அவ்வளவுதான்.

230 வோல்ட் போகும் பைப்பில் ஸ்பீக்கர் ஒயரோ சப் கேபிளோ போகவே கூடாது. உராய்ந்து இன்சுலேஷன் போனால் ஸ்பீக்கர் டெர்மினலில் மெயின் கரண்ட் நிற்கும், கை வைத்தவர் கதி என்ன? சப் கேபிளுக்கு ஹம் தொந்தரவும் சேரும். சுவரை உடைக்க வேண்டாம், ஸ்கர்ட்டிங் மேலே கேசிங் கேப்பிங் பட்டை ஓட்டி அதில் கொண்டுபோகலாம். மெயின் லைனைத் தாண்ட வேண்டிய இடத்தில் குறுக்காக, 90 டிகிரியில் தாண்டுங்கள்.

மாற்றும்போதே சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில் போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு முன் ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக இருந்தால் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவும், பேஸ் மெலிந்துவிடும். ஆடிஸி சில ஸ்பீக்கருக்கு ‘ஃபேஸ்’ (ஒயர் தலைகீழ்) என்று பொய்யாகவும் எச்சரிக்கும். ஒயரைச் சரிபார்த்து, சரியாக இருந்தால் ‘ஸ்கிப்’ கொடுத்துப் போகலாம்.

#9 · ஒலியன்

சப் பற்றி விரிவாக எழுதுகிறேன், இந்த ஹாலின் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

565-ஐ அறையின் அளவால் (அடியில்) வகுத்தால் அந்தத் திசையின் முதல் மோட் வரும். 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 51, 10 அடிக்கு 56. இந்த மூன்றும்தான் உங்கள் ‘கும்’. 51-ம் 56-ம் பக்கத்துப் பக்கத்தில் விழுவதால் அந்தப் பகுதி இன்னும் தூக்கும். மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர் பேஸுக்கு லேசாக அதிர்ந்து கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அதிர்வதே இல்லை, வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். அதனால்தான் வெளிநாட்டு வீடுகளை வைத்து எழுதிய குறிப்பில் சொல்வதைவிட இங்கே மேடும் பள்ளமும் அதிகம்.

மூலையில் வைத்த சப் இந்த மூன்று மோடையும் ஒரே நேரத்தில் முழு வீச்சில் கிளப்பும். அங்கே சத்தம் அதிகம் வருவது உண்மை, ஆனால் சீராக வராது.

இடம் தேட ஒரே எளிய வழி சப்பைச் சீட்டில் ஏற்றுவது. சோபாவை நகர்த்திய பிறகு, நடு சீட் இருக்கும் இடத்தில் சப்பை வையுங்கள், முடிந்தால் ஸ்டூல் போட்டுக் காது உயரத்துக்குப் பக்கமாக. 20-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஸ்வீப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். நீங்கள் சப் வைக்கச் சாத்தியமான இடங்களில் தரைக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள்: முன் மூலை, அதிலிருந்து இரண்டடி உள்ளே, டிவி யூனிட்டுக்கு இடது, வலது, வலச்சுவரின் நடு. எங்கே ஏற்ற இறக்கம் குறைவோ அங்கே சப். சத்தம் அதிகமாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும், அதைத்தான் தவிர்க்க வேண்டும். ஒரு அடி நகர்த்தினாலே கணக்கு மாறும் என்பதால் அவசரம் கூடாது.

மேட்டை ஈக்யூவால் (ஒவ்வொரு அலைவரிசையின் சத்தத்தையும் தனியாகக் கூட்டிக் குறைப்பது) வெட்டலாம், நன்றாகவே வேலை செய்யும். பள்ளத்தை நிரப்ப முடியாது. 10 டெசிபல் ஏற்ற 10 மடங்கு பவர் வேண்டும், ஏற்றினாலும் சுவரிலிருந்து திரும்பும் அலையும் அதே அளவு ஏறி மறுபடி ரத்துசெய்யும். பள்ளத்துக்கு மருந்து சப்பையோ சீட்டையோ நகர்த்துவது மட்டுமே.

சப்பின் பின்பக்கம்: லோ-பாஸ் நாபை முழுக்க வலப்பக்கம், அல்லது எல்எஃப்இ (படத்தில் பேஸுக்கென்றே பதிந்த தனி சேனல்) என்ற நிலை இருந்தால் அதில். கிராஸ்ஓவர் வேலையை (எதற்குக் கீழே சப், எதற்கு மேலே ஸ்பீக்கர் என்று பிரிப்பதை) ரிசீவர் செய்யும். இரண்டு ஃபில்டர் அடுத்தடுத்து விழுந்தால் 80 ஹெர்ட்ஸ் பக்கம் ஓட்டை விழும். ஃபேஸ் 0. பேஸ் பூஸ்ட், ‘மூவி’ மாதிரி பட்டன் எல்லாம் ஆஃப். ஆட்டோ-ஆன் இருந்தால் காலிபரேஷன் முடியும்வரை ‘ஆன்’ நிலையில் வையுங்கள், இல்லாவிட்டால் பாதியில் தூங்கிவிடும்.

#10 · சுருதிப்பெட்டி

கீழ்வாசல் சொன்ன இரண்டரை அடியில் ஒரு விலை இருக்கிறது. பின்சுவரிலிருந்து திரும்பும் அலை கால் அலைநீளக் கணக்கில் 113 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் வெட்டும். ஆண்குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது.

#11 · கீழ்வாசல்

உண்மைதான் சார். சுவரை ஒட்டிப் போட்டா அந்தப் பள்ளம் மேலே போயிடும், ஆனா நீளவாக்கு மோட் அத்தனையும் உச்சத்துல இருக்கும். அதுக்கு இது பரவாயில்ல. பின்சுவர்ல தலைக்குப் பின்னால 4 அடிக்கு 3 அடி, 100 மில்லிமீட்டர் கனத்துல ராக்வூல் பேனல் ஒண்ணு மாட்டினா மேல் பகுதி நல்லாவே அடங்கும். 113-ல லேசாத்தான் குறையும், அதையும் சொல்லிடறேன். மிச்சத்தைச் சீட்டை 3 இன்ச் முன்ன பின்ன நகர்த்திப் பிடிக்கணும்.

ராக்வூல் 48 கிலோ டென்சிட்டி கேளுங்க, 50 மில்லிமீட்டர் ஸ்லாபா வரும், ரெண்டை அடுக்குங்க. மரச்சட்டம் அடிச்சு, காத்து புகுற துணியால மூடுங்க. துணியில வாய் வச்சு ஊதினா காத்து மறுபக்கம் போகணும், ரெக்ஸின் மாதிரி போட்டா வேலைக்கு ஆகாது. கையாளும்போது முகமூடி, கையுறை கட்டாயம். முட்டை அட்டையும் ஒரு இன்ச் பிரமிட் ஃபோமும் உச்ச ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் மழுக்கும், கீழே ஒண்ணும் செய்யாது. வாங்காதீங்க.

டைல்ஸ் மேல, முன் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவுல கனமான கார்ப்பெட், 5-க்கு 7 அடியாவது. கண்ணாடிக் கதவுக்குத் தடிமனான திரை. கதவு அகலம் 6 அடின்னா 12 அடித் துணி, மடிப்பு மடிப்பா விழணும். ஹால் நடுவுல நின்னு ஒரு தடவை கைதட்டிப் பாருங்க. ‘ட்ர்ர்ர்’னு உலோகச் சத்தம் திரும்பினா இன்னும் ரெண்டு எதிரெதிர்ச் சுவர் வெறுமையா இருக்குன்னு அர்த்தம். இது முடிஞ்சாலே வசனம் பாதி தெளியும். ஆடிஸி ஓட்டறதுக்கு முன்னாலயே திரையை, வழக்கமாப் படம் பார்க்கும்போது இருக்கற மாதிரி மூடிடுங்க.

#12 · ஆறரை இன்ச்

சப் முன்சுவரில், டிவி யூனிட்டுக்கும் வலது ஸ்பீக்கருக்கும் நடுவில் போய்விட்டது. அங்கேதான் ஏற்ற இறக்கம் குறைவாகக் கேட்டது. ஒயரும் மாற்றியாச்சு. மைக்கை எப்படி வைப்பது?

#13 · ஒலியன்

ஃபேன், ஏசி, முடிந்தால் ஃப்ரிட்ஜ் ஆஃப். ரோட்டில் பஸ், ஆட்டோ ஓய்ந்த நேரம். பின்னணி இரைச்சல் இருந்தால் ஸ்வீப்பை அது மறுபடி மறுபடி உரத்து ஓட்டும், அல்லது பிழை காட்டும்.

மைக்கை ட்ரைபாடிலோ மைக் ஸ்டாண்டிலோ, நுனி கூரையைப் பார்த்தபடி, காது உயரத்தில். சோபா மெத்தையில் அட்டைப்பெட்டி அடுக்கி வைக்கக் கூடாது, கையில் பிடிக்கவும் கூடாது. சோபாவின் முதுகு காதுக்கு மேலே வந்தால் மைக்கை அதிலிருந்து ஒரு சாண் முன்னால் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் லெதரில் பட்டுத் திரும்பும் சத்தத்தைத்தான் அது அளக்கும்.

முதல் இடம் மிக முக்கியம்: நடு சீட்டில் தலை இருக்கும் சரியான புள்ளி. எல்லா ஸ்பீக்கரின் தூரமும் ட்ரிமும் அந்த ஒரு அளவிலிருந்துதான் வருகின்றன. மீதி ஏழும் ஈக்யூவுக்கு. நடுப்புள்ளிக்கு இடது, வலது ஒரு அடி; இந்த மூன்றுக்கும் ஒரு அடி முன்னால் மூன்று; கடைசி இரண்டு நடுப்புள்ளிக்குப் பக்கத்திலேயே, கையளவு மேலும் கீழும். எட்டையும் எடுங்கள், மூன்றோடு நிறுத்தாதீர்கள். சோபாவின் ஓரச் சீட்டு, ஓரத்தில் கிடக்கும் நாற்காலி என்று தூரமாகப் பரப்பினால் யாருக்குமே சரியாக வராத சராசரி கிடைக்கும்.

முதலில் சப் அளவு கேட்கும். திரையில் 75 டெசிபல் வரும்வரை சப்பின் கெயின் நாபைத் திருப்புங்கள். முடிந்ததும் ட்ரிம் –3-க்கும் –9-க்கும் நடுவில் வந்தால் சரி. ஓடும்போது அறையில் யாரும் நிற்க வேண்டாம், கதவுக்கு வெளியே நில்லுங்கள்.

#14 · சுருதிப்பெட்டி

ஓட்டி முடித்ததும் மாற்ற வேண்டியவை, வரிசையாக:

முன் ஸ்பீக்கர் லார்ஜ் என்று வந்தால் ஸ்மால் ஆக்குங்கள், 80 ஹெர்ட்ஸ். லார்ஜ் என்று முடிவுசெய்வது ஆடிஸி இல்லை. ஸ்பீக்கர் எதுவரை இறங்குகிறது என்று அது சொல்லும், அதை வைத்து ரிசீவர் தன் விதிப்படி பெயர் வைக்கும். சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் 6.5 இன்ச் வூஃபருக்கும் அந்தப் பட்டம் கிடைத்துவிடும். சென்டர் 60-ஐ 80 ஆக்கலாம். சரவுண்டு 90 வந்தால் 90 அல்லது 100. அது கண்டுபிடித்ததற்கு மேலே ஏற்றலாம், கீழே இறக்கவே கூடாது. கீழே ஈக்யூ இல்லாத பகுதியை ஸ்பீக்கரிடம் தள்ளியதாகும்.

சப் மோட் ‘எல்எஃப்இ’. ‘எல்எஃப்இ + மெயின்’ வேண்டாம். ஒரே பேஸ் இரண்டு இடத்திலிருந்து வந்து மறுபடி குமுறும். எல்எஃப்இ-க்கான லோ-பாஸ் 120, அதை 80 ஆக்கினால் படத்தில் பதிந்ததையே வெட்டுகிறீர்கள்.

டைனமிக் வால்யூம் (பெரிய சத்தத்தையும் சின்ன சத்தத்தையும் சமப்படுத்துவது) ஆஃப். டைனமிக் ஈக்யூ ஆன். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் கேட்பது குறையும், அதை இது ஈடுகட்டும். படத்துக்கு ரெஃபரன்ஸ் ஆஃப்செட் (இந்த ஈடுகட்டலைக் குறைக்கும் எண்) 0, டிவி சேனலுக்கும் பாட்டுக்கும் 10 அல்லது 15. வால்யூம் இறங்க இறங்க சரவுண்டையும் இது தூக்கும். பின்னால் சத்தம் இழுப்பதாகத் தோன்றினால் சரவுண்டு ட்ரிம்மில் 2 டெசிபல் குறைக்கலாம்.

#15 · மின்கம்பி

80 எல்லாருக்கும் எதற்கு? நல்ல டவர் ஸ்பீக்கர் 60-ல் அழகாக ஓடும்.

#16 · சுருதிப்பெட்டி

டவர் என்றால் 60 போட்டுப் பார்க்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஸ்பீக்கர் 40 வரை இறங்குவது வேறு, அந்த இடத்திலிருந்து 60-ஐச் சீராகத் தருவது வேறு. முன் ஸ்பீக்கரை மேடை கேட்கும் இடத்தில் வைக்கிறோம், பேஸ் நன்றாக வரும் இடத்தில் அல்ல. சப்பைத்தான் பேஸுக்காக இடம் தேடி வைத்திருக்கிறோம். 51, 56 இரண்டும் மோட் உள்ள ஹாலில் அந்தப் பகுதியை முழுக்க சப்பிடம் கொடுப்பதே நல்லது. கீழ்ப்பகுதி குறைந்தால் வூஃபர் அலைச்சலும் குறைந்து குரல் சுத்தமாகும். 80-க்குக் கீழே வரும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரிவதும் மிகக் குறைவு.

#17 · ஒலியன்

ஈக்யூ எதுவரை போட வேண்டும் என்பதிலும் ஒரு கருத்து உண்டு. 14 × 11 × 10 அடி என்றால் 43.6 கன மீட்டர். எதிரொலி நேரம் அரை செகண்ட் என்று எடுத்தால் ஷ்ரோடர் சூத்திரப்படி 214 ஹெர்ட்ஸ் வருகிறது. அதற்குக் கீழே அறை ஆட்சி, மேலே ஸ்பீக்கர் ஆட்சி. நல்ல ஸ்பீக்கராக இருந்தால் மேல் பகுதியை ஈக்யூ தொடாமல் விடுவதே பல நேரம் இயல்பாகக் கேட்கும். ஆடிஸியின் கட்டண மொபைல் ஆப்பில் ஒவ்வொரு ஜோடிக்கும் எல்லை வைக்கலாம். 300 வைத்து ஒரு தடவை, முழுசாக ஒரு தடவை கேட்டு ஒப்பிடுங்கள். அதே ஆப்பில் ‘மிட்ரேஞ்ச் காம்பன்சேஷன்’ என்று ஒன்று 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் லேசாகக் குழி தோண்டும். அதை அணைத்தால் குரல் முன்னால் வரும். ஆப் வழியாக மாற்ற வேண்டுமென்றால் அளவையும் ஆப்பிலிருந்தே எடுக்க வேண்டும்.

#18 · ஆறரை இன்ச்

சப் ட்ரிம் –6.5, முன் ஸ்பீக்கர் 80, எல்லாம் போட்டாச்சு. கும் குறைந்தது. வசனத்துக்கு இப்போது ரிமோட் தேடுவதில்லை. ஆனால் டிரம் அடிக்கும்போது மேல் பேஸில் ஏதோ உள்ளே விழுகிறது. பொட்டில் அடிக்கிற அந்த ‘தப்’ இல்லை.

#19 · ஒலியன்

கிராஸ்ஓவர் பகுதியில் சப்பும் ஸ்பீக்கரும் ஃபேஸில் சேரவில்லை, அதாவது இரண்டின் அலையும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கவில்லை. ஆடிஸி சப் தூரத்தைப் பெரும்பாலும் சரியாகக் கண்டுபிடிக்கும், ஆனால் 80-ல் இரண்டும் கூடும்போது என்ன ஆகிறது என்று அது திரும்ப அளப்பதில்லை. இங்கேதான் தனி அளவு மைக் வேண்டும்.

யூமிக்-1 மாதிரி யூஎஸ்பி மைக், லேப்டாப், ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருள். மைக்கின் சீரியல் எண்ணுக்கான காலிபரேஷன் ஃபைலை இறக்குங்கள். நுனி கூரையைப் பார்த்தால் 90 டிகிரி ஃபைல். லேப்டாப்பை எச்டிஎம்ஐ வழியாக ரிசீவரில் போட்டால் 3-வது சேனல் சென்டர், 4-வது எல்எஃப்இ. ரிசீவரில் ஆடிஸி ஆன், டைனமிக் ஈக்யூ மட்டும் ஆஃப்.

சென்டர் சேனலில் 15-லிருந்து 250 ஹெர்ட்ஸ் ஸ்வீப். பேஸ் மேனேஜ்மென்ட் கீழ்ப்பகுதியைத் தானாக சப்புக்கு அனுப்பும், ஆக இரண்டும் சேர்ந்த வளைவு கிடைக்கும். 70-க்கும் 110-க்கும் நடுவில் குழி தெரிந்தால் சப் தூரத்தை ஒரு அடி கூட்டி மறுபடி அளவு, பிறகு இன்னொரு அடி, பிறகு குறைத்து. 80 ஹெர்ட்ஸின் அலைநீளம் 14 அடி, ஆக 7 அடி நகர்த்தினால் ஃபேஸ் முழுசாகப் புரண்டுவிடும். தேடல் அந்த வட்டத்துக்குள்தான். குழி மிக நன்றாக நிரம்பும் எண்ணை வைத்துக்கொண்டு, இடது, வலது ஸ்பீக்கரிலும் அதே எண் கெடுக்கவில்லையா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஒரே எண் பொருந்தாவிட்டால் சென்டருக்கு முன்னுரிமை.

மைக் இல்லாமல் செய்வதென்றால் 80 ஹெர்ட்ஸ் டோனை சென்டரில் ஓடவிட்டு, சீட்டில் ஃபோனின் எஸ்பிஎல் (சத்த அளவு) ஆப் வைத்து, தூரத்தை மாற்றும்போது எண் எங்கே உச்சம் போகிறது என்று பார்க்கலாம். ஃபோன் மைக் கீழ் பேஸில் சரியான அளவு சொல்லாது, ஆனால் ஒரே டோனில் கூடியதா குறைந்ததா என்று பார்க்க அது போதும்.

#20 · ஆறரை இன்ச்

சப் தூரம் பழைய இடத்தில் 18 அடி, புதிய இடத்தில் ஆடிஸி 15.5 காட்டியிருந்தது. 18.5-ல் ஃபோன் எண் 6 டெசிபல் ஏறியது, ‘தப்’ வந்துவிட்டது. இடது வலதிலும் நன்றாகவே இருக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. வால்யூம் –12-லேயே போதுமான சத்தம். 0 வரை போக வேண்டுமா? செட்-டாப் பாக்ஸ் போட்டால் மட்டும் சப்பில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம் வருகிறது.

#21 · சுருதிப்பெட்டி

0 என்பது தியேட்டர் ரெஃபரன்ஸ்: ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 105 டெசிபல் உச்சம், எல்எஃப்இ-ல் 115. 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் வரும் சத்தம்) ஸ்பீக்கர், 100 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 107. 10 அடியில் 9.7 குறையும், அறை 2, 3 டெசிபல் திருப்பித் தரும். 100-ல் நின்றுவிடும். அதனால் 0 உங்கள் ஸ்பீக்கருக்கு எட்டாது, இந்த அளவு ஹாலில் தேவையும் இல்லை. –10-லிருந்து –15 நல்ல இடம். மெனுவில் அதிகபட்ச வால்யூமை –10-ல் பூட்டிவிடுங்கள், வீட்டில் குழந்தை ரிமோட்டைத் திருகினால் ட்வீட்டர் தப்பிக்கும்.

#22 · மின்கம்பி

அந்த ஹம் கிரவுண்ட் லூப். டிஷ்ஷிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளைப் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். ஹம் நின்றால் உறுதி. வெளியே டிஷ்ஷின் உலோகம் ஒரு எர்த், உங்கள் சப் இன்னொரு எர்த், நடுவில் சப் கேபிளின் ஷீல்டு வழியாகக் கரண்ட் ஓடுகிறது. முதலில் டிவி, பாக்ஸ், ரிசீவர், சப் நான்கையும் ஒரே சாக்கெட்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டுப் பாருங்கள், பலருக்கு அதோடு தீரும். தீராவிட்டால் சப் கேபிளில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. 20 ஹெர்ட்ஸ் வரை இறங்குவதாக வாங்குங்கள், மலிவானது கீழ் பேஸைத் தின்றுவிடும்.

சப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் ஹம் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள். உள்ளே ஒரு இன்சுலேஷன் போனால் சப்பின் உலோகத் தகட்டில் 230 வோல்ட் நிற்கும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஹம் என்றால் அது வேறு: ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அதில் ரிசீவரை ஓட்ட வேண்டாம், சைன் வேவ் உள்ளதில் மட்டும்.

#23 · ஆறரை இன்ச்

ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டதும் நின்றுவிட்டது. நன்றி சார். பின்னாளில் இரண்டாவது சப் வாங்கினால் எங்கே?

#24 · ஒலியன்

அதே மாடலாக வாங்குங்கள். ஒன்று முன்சுவரின் நடு, மற்றது பின்சுவரின் நடு, சோபாவுக்குப் பின்னால். நீளவாக்கு 40 ஹெர்ட்ஸ் மோடை இரண்டும் எதிரெதிராகத் தள்ளி அடக்கும். அகலவாக்கு 51-க்கு இரண்டுமே பூஜ்யப் புள்ளியில் இருப்பதால் அதைக் கிளப்பாது. சோபாவுக்குப் பின்னால் இரண்டரை அடி இருக்கிறது, 12 இன்ச் சப் அடங்கும். முன்சுவரின் நடுவில் டிவி யூனிட் இருப்பதால் அதை முன்னால் இழுத்தோ, ஸ்டாண்டாக மாற்றியோதான் இடம் செய்ய வேண்டும். எக்ஸ்டி32 இரண்டு சப்பையும் தனித்தனியாகத் தூரமும் அளவும் எடுத்து, பிறகு சேர்த்து ஒன்றாக ஈக்யூ போடும். இரண்டின் கெயின் நாபும் தனித்தனியாக 75 காட்டும்படி வையுங்கள், பின்னால் இருப்பது பக்கத்தில் இருப்பதால் நாப் குறைவாகவே நிற்கும். இப்போதுள்ள 18.5 அப்போது பயன்படாது. 80 ஹெர்ட்ஸ் தேடலை, இரண்டு சப்பின் தூரத்தையும் ஒரே அளவு சேர்த்து நகர்த்தி, முதலிலிருந்து செய்ய வேண்டும்.